பேட்மேன் காமிக்ஸின் இரு வில்லிகள், கேட்வுமனா, பாய்சன் ஐவியா: யாரிடமிருந்து படிக்கத் தொடங்குவது?

கேட்வுமன் 1940-இல் பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்துவிட்டாள். அப்போது பெயர் வெறும் 'தி கேட்'. பூனை உடை கிடையாது. கிழவி வேடத்தில் உல்லாசப் படகில் ஏறிக் கழுத்தணியைத் திருடுகிறாள். பிடிபட்ட பிறகும் பேட்மேன் அவளைத் தப்பவிடுகிறான். இன்றுவரை ஓடும் கயிறிழுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்த 1954-இல் காணாமல் போனவள், திரும்பி வந்தது 1966-இல்.

அதே 1966-இல்தான் பேட்மேன் 181-ஆம் இதழில் பாய்சன் ஐவி அறிமுகம். தொடக்கத்தில் அவள் ஆண்களை மயக்கும் சாதாரணக் குற்றவாளி, அவ்வளவே. செடிகொடிகளை ஆட்டிவைக்கும் ஆற்றலும் இயற்கைக்காகக் கொல்லத் துணியும் வெறியும் பின்னால் வந்தவை.

கேட்வுமனிடம் மந்திர சக்தி எதுவுமில்லை. சாட்டை, பூட்டு திறக்கும் கை, சுவரேறும் கால். அதனால் திருட்டுத் திட்டம் நம்பும்படி இருந்தாக வேண்டும். அது சொதப்பினால் வெறும் காதல் கதைதான் மிஞ்சும். ஐவியின் சிக்கல் நேரெதிர்: நகரத்தையே கொடியால் மூடக்கூடியவளை ஒரு மனிதன் எப்படி வெல்வது? கடைசிப் பக்கத்தில் திடீரென அவள் நஞ்சுக்கு ஒரு மாற்று மருந்து முளைக்கும். சலிப்புத்தான்.

முதலில் படிக்க, எழுத்தாளர் எட் புரூபேக்கரும் ஓவியர் டார்வின் குக்கும் 2002-இல் தொடங்கிய கேட்வுமன் தொடர். பழைய கதை தெரியாமலே புரியும். ஐவிக்கு 2022-இல் தொடங்கிய தனித் தொடரின் முதல் 6 இதழ்கள் போதும். பூஞ்சையும் அழுகலும் நிறைய, சாப்பிடும்போது வேண்டாம்.