மூடில் பதிவா, கேள்வித்தாளா?

இணையவழிப் பாடத்தில் மாணவர் எவ்வளவு ஈடுபடுகிறார்? கணினியைக் கேட்கலாம், மாணவரையே கேட்கலாம்.

முதலாவதற்கு, இணையத்தில் பாடம் நடத்த உதவும் மூடில் (Moodle) நல்ல உதாரணம். 2002-இல் வெளிவந்த இந்த மென்பொருள் ஒவ்வொரு கிளிக்கையும் நேரத்தோடு குறித்துவைக்கும். இரவு 11.52-க்கு பிடிஎஃப் திறந்தார், 11.58-க்கு வினாடி வினாவுக்குப் போனார் என்று வரிவரியாகக் கிடக்கும். நடுவில் படித்தாரா, டீ போடப் போனாரா? அது தெரியாது. பிடிஎஃப்பை இறக்கி வைத்து மூன்று நாள் உட்கார்ந்து படித்தவருக்கும் அங்கே ஒரே கிளிக்தான். இது பெரிய குறை என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் இரண்டாம் வாரமே ஒருவரைக் காணவில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

கேள்வித்தாள் வழிக்கு, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் 2000-லிருந்து நடத்திவரும் 'நெஸ்ஸி' (NSSE) என்ற மாணவர் ஈடுபாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்லலாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள், ஆசிரியரோடு பேசினீர்களா என்று முதலாண்டு, இறுதியாண்டு மாணவர்களைக் கேட்கும். மனம் எங்கே இருக்கிறது என்பது இதில்தான் கொஞ்சமாவது பிடிபடும். என்ன, மணிக்கணக்கைச் சிலர் ஏற்றிச் சொல்வார்கள். முடிவு கைக்கு வருவதற்குள் பருவமும் முடிந்திருக்கும்.

பாடம் நடத்துபவருக்கு நான் மூடில் பதிவைத்தான் சொல்வேன். பாடத்திட்டத்தையே மாற்ற நினைக்கும் துறைத்தலைவருக்குக் கேள்வித்தாள்.