விளக்கடியா, பனியில் கேனா, நேரே மண்ணா? குறுகிய கோடையில் பாரம்பரிய விதைகள்

வடக்கே, கோடை சுருங்கிப்போன பகுதிகளில் பாரம்பரிய ரக விதை வாங்குகிறவர்கள் முதலில் ஏமாறுவது பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கில்தான். தக்காளிப் பாக்கெட்டில் ‘90 நாள்’ என்று இருந்தால் நாற்றைத் தோட்டத்தில் நட்ட நாளிலிருந்து 90 என்று அர்த்தம். அதற்கு முன்னால் நாற்று வளர ஆறிலிருந்து எட்டு வாரம் தனி. பீன்ஸ், கேரட் பாக்கெட்டிலோ விதைத்த நாளிலிருந்தே கணக்கு. இது தெரியாமல் முதல் வருஷம் பிராண்டிவைன் தக்காளியை ஜூன் தொடக்கத்தில் நேரே மண்ணில் ஊன்றினேன். செப்டம்பர் உறைபனியில் செடி கருகியபோது அதில் இருந்தது கொஞ்சம் பூவும் கோலிக்குண்டு அளவில் நாலு பச்சைக் காயும்.

அதனால் எந்த ரகம் என்ற கேள்வியையும் எங்கே முளைக்க வைப்பது என்ற கேள்வியையும் பிரித்து வைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருக்கிற வழி மூன்று: வீட்டுக்குள் விளக்கடியில் நாற்று விடுவது, குளிர்காலத்திலேயே பிளாஸ்டிக் கேனுக்குள் விதைத்துப் பனியில் வெளியே வைத்துவிடுவது, மண் பதமானதும் நேரே விதைப்பது.

முதலில் விளக்கடி. தக்காளி விதைக்கு மண்ணில் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் சூடு கிடைத்தால் ஒரு வாரத்தில் தலை நீட்டிவிடும். 10 டிகிரி மண்ணில் அதே விதை ஒரு மாதத்துக்கும் மேலே கிடக்கும், அதற்குள் அழுகாமல் இருந்தால். மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், பொறுமையும் வேண்டும். முளைத்த பிறகு பிரச்சினை வெளிச்சம். குளிர்காலக் கடைசியில் ஜன்னலோரம் வரும் வெயிலை நம்பினால் நாற்று நெடுநெடுவென்று ஒல்லியாகக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். சாதாரண டியூப்லைட்டானாலும் இலைக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட வேண்டும், செடி வளர வளர விளக்கை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

இந்த வழியின் பெரிய எதிரி நாற்றழுகல். சாயங்காலம் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் மண் மட்டத்தில் நூல் மாதிரி சுருங்கி, மேலே இலை பச்சையாகவே இருக்க, படுத்துக் கிடக்கும். ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குழித்தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் காட்டுவதும், ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிடுவதும் பெரும்பாலும் போதும். அப்புறம் கடினப்படுத்துதல், அதாவது நாற்றை வெளிக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குவது: ஒரு வாரம், பத்து நாள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில். நல்ல வெயில் அடிக்கிறதே என்று நான் ஒரு நாள் முழுக்க வெளியே வைத்த தட்டில் இலையெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துப்போனது. பிழைத்தது, ஆனால் இரண்டு வாரம் பின்தங்கியது.

இன்னொரு தப்பு, எல்லாரும் செய்வது: பிப்ரவரியிலேயே கை அரித்துத் தக்காளி போட்டுவிடுவது. சின்னத் தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டு பூவோடு நிற்கும் பத்து வார நாற்றை, குட்டையாகத் தடித்த தண்டோடு இருக்கும் ஆறு வார நாற்று நட்ட கொஞ்ச நாளில் முந்திவிடும்.

இப்போது கேன். நாலு லிட்டர் பால் கேன் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இடுப்பில் சுற்றி வெட்டி, ஒரு பக்கம் கீல் மாதிரி விட்டு, அடியில் நிறைய ஓட்டை போட்டு, எட்டு பத்து சென்டிமீட்டர் ஈர மண் நிரப்பி, விதைத்து, டேப் ஒட்டி, மூடியைத் திறந்தபடியே வெளியே வைத்துவிட வேண்டியதுதான். பனி பெய்யட்டும், உறையட்டும். கேனுக்குள் பருவம் வெளியைவிடக் கொஞ்சம் முன்னால் வரும், விதை தனக்குத் தோதான சூட்டில் தானே முளைக்கும். விளக்கு வேண்டாம், மின்விசிறி வேண்டாம், கடினப்படுத்துகிற வேலையும் பெரும்பாலும் இல்லை. அந்த நாற்று பிறந்ததே வெளியில்தான். ரெட் ரஷ்யன் கேல் என்ற கீரை, முட்டைக்கோஸ், லெட்டூஸ் மாதிரி குளிர் தாங்குகிறவற்றுக்கு இதைவிடச் சோம்பேறித்தனமான நல்ல வழி எனக்குத் தெரியாது. லெட்டூஸ் விதை உறைநிலைக்குச் சற்று மேலேயே மெதுவாக முளைக்கும், 30 டிகிரியைத் தாண்டினால் உறங்கப் போய்விடும். அதைக் கொண்டுபோய்ச் சூடேற்றும் பாய் மேல் வைத்துவிட்டு ‘விதை செத்தது’ என்று புலம்புகிறவர்கள் உண்டு.

கேனில் கவனிக்க வேண்டியது இரண்டு. வசந்தத்தில் திடீரென்று நல்ல வெயில் அடிக்கும் நாளில் திறந்துவிடாவிட்டால் உள்ளே நாற்று வெந்துவிடும். மற்றது பெயர். மார்க்கர் பேனா எழுத்து வெயிலில் மூன்று மாதத்தில் காணாமல் போய்விடுகிறது. ஒரு வருஷம் என்னிடம் பன்னிரண்டு கேன், பன்னிரண்டும் வெள்ளை. கேலையும் முட்டைக்கோஸையும் முதல் இலையில் பிரிக்க முடியாமல் முழித்தேன். இப்போது பென்சில்தான், குச்சியில் எழுதி ஒன்றை மண்ணுக்குள்ளேயும் புதைத்துவிடுகிறேன்.

கேனில் தக்காளி வருமா? வரும், தாமதமாக. கடைசி உறைபனி மே இறுதி, முதல் உறைபனி செப்டம்பர் நடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நட்டு 90 நாளில் பழுக்கிற பிராண்டிவைன், விளக்கடியில் வளர்ந்து ஜூன் முதல் வாரம் தோட்டத்துக்குப் போனால் செப்டம்பர் முதல் வாரம் முதல் பழம். இரண்டு வாரம் சாப்பிடலாம். கேனில் அதே விதை மே மாதம் முளைத்து ஜூன் நடுவில்தான் நடுகிற அளவுக்கு வரும், பழம் உறைபனி வரும் அன்றைக்கு. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஸ்டூபிட்சே மாதிரி 60 நாள் ரகமானால் விளக்கடியில் ஆகஸ்ட் தொடக்கம், கேனில் ஆகஸ்ட் நடு. இரண்டு வாரம்தான் வித்தியாசம், அதற்காக இரண்டு மாதம் விளக்கெரிக்க வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். இதுவும் தாளில் போட்ட கணக்குத்தான். இரவு 13 டிகிரிக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும், ஒரு வாரம் இரண்டு வாரம் அப்படியே கைநழுவிப் போகும்.

சுவையில் பிராண்டிவைனுக்குப் பக்கத்தில் ஸ்டூபிட்சே நிற்காது, அதை மறைத்து என்ன பயன். ஆனால் பழுக்காத பிராண்டிவைனைவிடப் பழுத்த ஸ்டூபிட்சே எவ்வளவோ மேல்.

நேரடி விதைப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கேரட், முள்ளங்கி, பட்டாணி, பீன்ஸ் எல்லாம் நேரே மண்ணுக்குத்தான்; கேரட்டை நாற்றாக நட்டால் வேர் கவட்டையாகத்தான் வரும். பட்டாணியை 5 டிகிரி மண்ணிலேயே போடலாம், பீன்ஸுக்கு 15 டிகிரியாவது வரட்டும், அவசரப்பட்டால் ஈரத்தில் ஊறி அழுகும். இங்கேயும் ரகம்தான் காப்பாற்றும்: அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றோரம் ஹிடாட்சா பழங்குடி மக்கள் வளர்த்த ஷீல்ட் ஃபிகர் பீன்ஸ், குறுகிய கோடையிலேயே பல தலைமுறை கழித்த ரகம்; செடியிலேயே காய்ந்து விதையாகும்வரை நேரம் கிடைக்கும்.

விதை எடுத்து வைக்கிற எண்ணம் இருந்தால், கலப்பினத்தை விட்டுப் பாரம்பரிய ரகத்துக்கு வருவதே பாதி அதற்காகத்தான், தொடங்க வேண்டியது பீன்ஸிலும் தக்காளியிலும். இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ரகம் அதிகம் கலக்காது. கேரட்டும் முட்டைக்கோஸும் இரண்டாம் வருஷம்தான் பூக்கும், கடுங்குளிரில் வேரையும் செடியையும் காப்பாற்றி மறுபடி நட வேண்டும்; ஆரம்பத்தில் அந்த வம்பு வேண்டாம். தக்காளியில் முதலில் பழுத்த நல்ல செடியின் பழத்தைத் தின்னாமல் விதைக்கு விடுங்கள். மனசு வராதுதான். சீசன் கடைசியில் மிச்சம் கிடக்கிற பழத்தில் விதை எடுத்தால், தாமதமாகப் பழுக்கிற செடியைத்தான் வருஷா வருஷம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்போம்.

இந்த வருஷம் என்னிடம் விளக்கடியில் ஒரே ஒரு தட்டு: மிளகாயும் இரண்டு பிராண்டிவைனும். ஸ்டூபிட்சே, கேல், லெட்டூஸ் எல்லாம் வெளியே கேனில், மேலே ஒரு முழம் பனி.