அழிந்த கல்லறை எழுத்தைப் படிக்க ஒரு மடக்கு ரிஃப்ளெக்டர்

என் தாத்தாவின் தாத்தா இறந்தது 1868 என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். கல்லறைக் கல்லில் அப்படித்தான் தெரிந்தது. அந்த வருஷத்து அடக்கப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டியாயிற்று, பெயரே இல்லை. போன மாதம் இந்த ரிஃப்ளெக்டரோடு போய் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தக் கடைசி 8-இன் இடதுபக்கம் வெறும் பாசித் தழும்பு. செதுக்கியிருந்தது 3. 1863 பதிவேட்டில் அவர் இருந்தார், வயது 34 என்று.

பொருள் எளிமையானதுதான். ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் அதே வட்டத் தட்டி, 80 செ.மீ. விட்டம். முறுக்கி மடக்கினால் தோள்பைக்குள் போய்விடும். வெள்ளி, தங்கம், வெள்ளை, கறுப்பு, நடுவில் ஒளி ஊடுருவும் துணி என்று ஐந்து பரப்பு. கல்லறைக்கு வேண்டியது வெள்ளியும் கறுப்பும் மட்டுமே. தங்கப் பக்கம் கல்லையே மஞ்சளாக்கிவிடுகிறது.

கல்லுக்கு நேரெதிரே வெளிச்சம் அடித்தால் வெட்டும் மேடும் ஒன்றாக மங்கிப்போகும். செல்போன் ஃபிளாஷ் கெடுப்பது இப்படித்தான். வெளிச்சம் பக்கத்திலிருந்து கல்லை உரசினாற்போல வர வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் நிழல் விழும். கல் நிழலில் நின்றாலும் பரவாயில்லை, தள்ளி வெயிலில் தட்டியைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம். என் அத்தை பிடித்துக்கொண்டார். இடதுபக்கம் நின்றபோது எழுத்தின் செங்குத்துக் கோடுகள் எழுந்தன. மேலிருந்து அடித்தபோது படுக்கைக் கோடுகள். இரண்டு படமும் எடுங்கள், ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தேய்ப்பவர்களையும் ஷேவிங் க்ரீம் பூசுபவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பொடி கல்லின் நுண்துளைக்குள் இறங்கித் தங்கிவிடும். க்ரீமில் இருக்கும் அமிலம் பளிங்கைத் தின்னும். கம்பி பிரஷ் பட்டால் மணற்கல் ஏடு ஏடாக உதிரும். வெளிச்சத்தைத் திருப்பினால் கல்லுக்கு ஒரு கீறலும் விழாது.

குறை என்றால், இதைத் தனியாளாகக் கையாள முடியாது. லேசான காற்றுக்கே பாய்மரம்போல இழுக்கிறது. ஒருமுறை கையை விட்டுப் பறந்து பக்கத்துக் கல்லறைச் சிலுவையில் போய் மோதியது. நல்லவேளை, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து காற்று நாளில் எடுத்துப்போவதில்லை. வானம் மூடியிருந்தால் இதனால் பயனில்லை, அப்போது டார்ச்தான். மடக்கும் வித்தை கை பழக இரண்டு நாள் ஆகும்.

போனில் லொகேஷனை ஆன் செய்துவிட்டு எடுங்கள், இடமும் படத்தோடு பதிந்துவிடும். 1995-இல் தொடங்கிய, கல்லறை விவரங்களைத் திரட்டும் ஃபைண்ட் எ கிரேவ் இணையதளத்தில் ஏற்றினால் எங்கோ இருக்கும் உறவினர் கண்ணிலும் படும். கல்லின் பின்பக்கத்தையும் அக்கம்பக்கக் கற்களையும் விடாதீர்கள். தாத்தாவின் கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கல் இருந்தது. எழுத்தே இல்லை என்று வருஷக்கணக்காகக் கடந்து போயிருக்கிறோம். அத்தை தட்டியைத் தரையோடு சாய்த்துப் பிடித்தார். அதே குடும்பப் பெயர், கீழே "11 மாதம்".