ஊட்டிக் குளிருக்கு ஆல் சீசன் டயர்: காசு கொடுக்கலாமா?

கார்த்திகை பிறந்ததும் மேட்டுப்பாளையம், கோவை டயர் கடைகளில் 'ஆல் சீசன்', அதாவது எல்லாப் பருவத்துக்குமான டயர், என்ற சொல் அதிகம் காதில் விழும். வாங்குவதற்கு முன் கடைப் பலகையை விட்டுவிட்டு டயரின் பக்கச் சுவரைக் குனிந்து பாருங்கள். 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று தயாரிப்பவரே போட்டுக்கொள்ளும் முத்திரை அது. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று படம் இருந்தால் கதை வேறு. பனித்தரையில் ஓட்டிப் பார்த்து, குறிப்பிட்ட பிடிமானம் காட்டிய டயருக்குத்தான் அந்தப் படம். 2015இல் ஐரோப்பாவில் வந்த மிஷ்லின் கிராஸ்கிளைமேட் இந்த வகை.

அந்தப் பனித்துகள் டயர் நீலகிரிக்கு வேண்டுமா? எங்கள் பதில், வேண்டாம்.

சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் தார்ச் சாலையின் நுண்மேடுகளில் பதியாது, பிடி குறையும். பனித்துகள் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் அதிகம். ஆனால் நம்மூர்க் கணக்கைப் பாருங்கள். தலைகுந்தாவிலும் காந்தலிலும் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி விழும். புல்வெளி உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். ஒன்பது, பத்து மணி வெயிலுக்கு அது போய்விடும். அதே வண்டி மதியத்துக்குள் மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் ஓடும். இளகிய ரப்பர் அந்தச் சூட்டில் சீக்கிரம் தேயும், வளைவில் பட்டன் நெளியும். வழியில் ஒரு டயர் கிழிந்தால் அதே மாடல் மலையில் கிடைப்பது கடினம். உறைபனியும் பெரும்பாலும் புல்லிலும் கார் கண்ணாடியிலும்தான். தார் மேல் மெல்லிய பனிக்கட்டிப் படலம் கட்டினால் எந்த ரப்பர் டயரும் அதில் ஒழுங்காக நிற்காது, வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குளிர்காலம் என்றால் மழைக்காலமும்தான். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில்தான் கொட்டும். பர்லியாறு தாண்டினால் நனைந்த தார், மேலே மூடுபனி, ஓரத்தில் பாசி, வளைவில் லாரி சிந்திய டீசல். இங்கே தேவை ஈரப் பிடிமானம். அந்தக் கண்ணோடு பார்த்தால் மிஷ்லின் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யூசி6, குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் 2 ஆகிய மூன்றில் உங்கள் சைஸில் கிடைப்பதை எடுக்கலாம். அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மிலேஸ் எக்ஸ்3 போன்றவை நீண்ட ஆயுளை முன்வைத்து விற்கப்படுபவை. அவினாசி சாலையில் ஓடும் டாக்சிக்கு அது நியாயமான தேர்வு. ஆயுள், மைலேஜ், ஈரப் பிடிமானம் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். மூன்றையும் ஒரே ரப்பரில் முழுதாகத் தர முடியாது. தினமும் காட் ரோடு ஏறி இறங்குகிறவர் முதல் இரண்டில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே சரி. ஸ்டார் லேபிளைக் காட்டி விற்றால் ஒன்றை நினைவில் வையுங்கள், அந்த நட்சத்திரங்கள் எரிபொருள் சிக்கனத்துக்கானவை.

சில டயர்களில் 'டிராக்‌ஷன்' என்று ஏஏ, ஏ, பி, சி என எழுத்து இருக்கும். ஈரத்தரையில் நேர்கோட்டில் பிரேக் அடித்து அளந்த மதிப்பு அது. வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதை அது சொல்லாது, இருந்தாலும் ஏவுக்குக் கீழே போக வேண்டாம்.

சைஸை மாற்ற ஆசைப்படாதீர்கள். எர்டிகாவுக்கு 185/65 ஆர்15 என்றால் அதுவேதான். கூடவே லோடு எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 92 என்றால் 630. ஏழு பேரும் மூட்டையுமாக ஏறும் வண்டியில் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

தயாரிப்புத் தேதியை விலை பேசும் முன்பே பாருங்கள். பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நாலு டயரும் ஒரே ஆண்டாக இருப்பது நல்லது. சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டி இந்த எண்ணை உள்ளே மறைத்துவிட்டால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 'அவுட்சைட்' என்று எழுதிய டயரில் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பட்டன் ஆழம் புதிதில் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். பட்டனுக்கு நடுவில் தெரியும் சின்னத் திட்டு அந்த அளவுக்குத்தான். ஆனால் 3க்குக் கீழே வந்ததும் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் சட்டென்று விழும். மழைக்கு முன் 4 இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். அளக்கும்போது நடுவில் மட்டும் அளக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் முன் டயரின் வெளித்தோள்தான் முதலில் மொட்டையாகும். நடு 5 காட்டும்போது தோள் 2இல் நிற்பது மலை வண்டிகளில் சர்வசாதாரணம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றினால் இதைப் பாதி தடுக்கலாம்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் பல கடைகளில் முன்னால் மாட்டிவிடுவார்கள், 'முன் சக்கரம்தானே இழுக்குது' என்பார்கள். பின்னால் மாட்டச் சொல்லுங்கள். இறக்கத்தில் எடை முன்னுக்குச் சாயும், பின்பக்கம் லேசாகும். அங்கே தேய்ந்த டயர் இருந்தால் ஈர வளைவில் வால் வெளியே வீசும். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின்பக்கம் வீசினால் பெரும்பாலானவர்களால் முடியாது.

காற்று விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் 28 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறுகிறீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் மட்டும் கேஜ் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். மறுநாள் காலை 5 டிகிரியில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கும், அதனால் 3, 3.5 குறையும். இரண்டும் கழிந்து கேஜ் 32, 33லேயே நிற்கும். எதையும் தொட வேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்றால் மதியம். ஊட்டியில் 20 டிகிரி வெயிலில், ஓடிச் சூடான டயரைப் பெட்ரோல் பங்கில் அளந்தால் 36, 37 காட்டும். 'மலை ஏறினா காத்து கூடும் சார்' என்று வால்வை அழுத்தி 33க்கு இறக்கிவிடுவார்கள். அடுத்த நாள் விடியலில் அதே டயர் 30க்கும் கீழே போய்விடும். முதுமலை, பந்திப்பூர் சாலை காலை 6 மணிக்குத் திறக்கிறது என்று இருட்டில் மைசூருக்குக் கிளம்புகிறவர் அந்தக் காற்றோடுதான் பைக்காரா இறக்கத்தில் போகிறார். தோள் நசுங்கி, ஸ்டியரிங் மந்தமாகும். எனவே காலையில், வண்டி எடுப்பதற்கு முன், சொந்த கேஜில் அளங்கள். நைட்ரஜன் அடித்தாலும் குளிருக்குச் சுருங்குவது அதேதான்.

புது டயரின் மேல் வார்ப்பிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் இருக்கும். மாட்டிய கையோடு மழையில் குன்னூர் ஏறாமல், முதல் 200, 300 கிலோமீட்டர் சமவெளியில் நிதானமாக ஓட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஸ்பேனரால் ஒருமுறை பாருங்கள். ஏர் கன்னால் முறுக்கியதை மட்டும் நம்ப வேண்டாம்.

நல்ல டயரும் கியருக்கு மாற்று இல்லை. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய விதி ஆட்டோமேட்டிக்குக்கும் உண்டு. கியரை 'டி' (டிரைவ்) நிலையில் விட்டுப் பிரேக்கை மிதித்தே இறங்கினால் பிரேக் காய்ந்து பிடி போகும், பிறகு டயர் எவ்வளவு பிடித்தும் பயனில்லை.

ஸ்டெப்னியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். சில கார்களில் அது மற்ற நாலைவிடச் சிறியது, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். காட் ரோட்டில் முன் சக்கரம் பஞ்சர் என்றால் அதை நேராக முன்னால் போடாதீர்கள். பின் சக்கரம் ஒன்றை முன்னுக்கு மாற்றி, சிறியதைப் பின்னால் போடுங்கள். ஜாக்கி வைக்கும் முன் இறக்கப் பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள், மூடுபனியில் பின்னால் வரும் பைக்காரருக்கு அது தெரியாது.