லூயிஸ் லஞ்ச், நியூ ஹேவன்: கெட்சப் இல்லாத பர்கர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிற நியூ ஹேவனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் யேல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், கிரவுன் தெருவில், சின்னதாக ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது, அதுதான் லூயிஸ் லஞ்ச் என்ற பர்கர் கடை. அதை விட்டுவிடாதீர்கள்.

டென்மார்க்கிலிருந்து குடியேறிய லூயிஸ் லாசன் 1895இல் தொடங்கிய கடை, இன்றும் அதே குடும்பத்திடம்தான் இருக்கிறது. 1900இல் அவசரமாகச் சாப்பாடு கேட்டு வந்த ஒருவருக்கு, அரைத்த மாட்டிறைச்சியைச் சுட்டு இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தாராம்; அமெரிக்காவின் முதல் ஹாம்பர்கர் அதுதான் என்கிறார்கள். விஸ்கான்சினும் டெக்சாஸும் இதை ஒப்புக்கொள்வதில்லை, அவர்களுக்கும் ஆளுக்கொரு கதை உண்டு. அந்தச் சண்டை எப்படியும் போகட்டும், நான் போகச் சொல்வது அடுப்புக்காக.

1898இல் செய்த வார்ப்பிரும்பு அடுப்புகள் அவை. இறைச்சியைக் கம்பி வலைக்குள் வைத்து நெட்டுக்குத்தலாக உள்ளே தள்ளுகிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீ படுகிறது, கொழுப்பு கீழே வடிந்துவிடுகிறது, ஆனால் உள்ளே சாறு அப்படியே நிற்கிறது. பன் கிடையாது, வாட்டிய வெள்ளை ரொட்டிதான். சீஸ், தக்காளி, வெங்காயம் மட்டும் கேட்கலாம். கெட்சப், கடுகு சாஸ், மயோனைஸ் எதுவும் தரமாட்டார்கள். சாஸ் இல்லாததால்தான் இறைச்சியின் ருசி முழுசாகத் தெரிகிறது, இதில் அவர்கள் பிடிவாதமாக இருப்பது ரொம்பச் சரி.

1975இல் பழைய இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, கட்டடத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள்!

இந்த ஊருக்கே முதல்களில் ஒரு ராசி இருக்கிறது. உலகின் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் 1878 ஜனவரியில் நியூ ஹேவனில்தான் தொடங்கியது, 21 சந்தாதாரர்களோடு. அடுத்த மாதமே ஒற்றைத் தாளில் டெலிபோன் டைரக்டரி போட்டார்கள், 50 பதிவுகள், எண் ஒன்றுகூடக் கிடையாது, யார் வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொன்னால் போதும். அப்புறம், கார்களுக்கு வேக வரம்பு வைத்துச் சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலமும் கனெக்டிகட்தான், 1901இல்: நகரத்துக்குள் மணிக்கு 12 மைல், வெளியே 15.

காரில் வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே சுமார் ஒரு மணி நேரம் ஓட்டி குரோட்டனுக்கும் போய்விடுங்கள். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ், 1958இல் வட துருவத்தின் பனிக்கு அடியிலேயே கடந்துபோனது, அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. அனுமதி இலவசம், கப்பலுக்குள்ளேயே இறங்கிப் பார்க்கலாம்.

கடையில் இடம் மிகக் குறைவு, கும்பலாகப் போகாதீர்கள். சைவர்களுக்கு இங்கே பெரிதாக எதுவும் இல்லை. இறைச்சி நடுவில் இளஞ்சிவப்பாகத்தான் வரும், நன்றாக வெந்திருக்க வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.