டூகஸ் இணையதளம்: பஞ்சத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய நோட்டுகள்

அயர்லாந்தில் செவிலியராக இருக்கும் எனக்கு, 1845இல் இங்கே உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து தொடங்கிய பஞ்சத்தைப் புரியவைத்தது இந்த இலவச இணையதளம்தான். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகளை அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு மொத்தம் சுமார் 7,40,000 பக்கங்கள்.

காஞ்சொறிக் கீரையை அவித்துத் தின்றது, காய்ச்சல் கண்ட வீட்டுக்குள் போகப் பயந்து வாசலிலேயே சாப்பாட்டை வைத்துவிட்டு வந்தது, அடிப்பலகை திறக்கும் ஒரே சவப்பெட்டியில் பிணம் பிணமாகக் குழிக்குக் கொண்டுபோனது... பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலைப் பாடத்தில் படித்தவள்தான் நான். ஆனால் இன்ன ஊரில், இன்ன வயலோரத்தில் என்று வாசிக்கும்போது நெஞ்சு அடைத்துவிடுகிறது.

ஊர் வாரியாகவும் தலைப்பு வாரியாகவும் தேடலாம். கையெழுத்தைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்கிறார்கள், நாமும் சேரலாம். ஐரிஷ் மொழிப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை, அது பெரிய குறை. அப்புறம், இதெல்லாம் பஞ்சம் முடிந்து 80 வருடங்களுக்கும் மேல் கழித்துக் கேட்டு எழுதியது. தேதிக்கும் எண்ணிக்கைக்கும் இதை நம்ப வேண்டாம். மொபைலில் கையெழுத்து பொடியாகத் தெரியும், கணினியில் திறந்து பாருங்கள்.