பால்வாடியும் தெருவும்

சென்னை மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய காசிமேட்டுப் பிள்ளைகள் ஊரோடு பழகுவது இரண்டு இடங்களில். ஒன்று, 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பால்வாடி. வரிசையில் நிற்பது, கை கழுவுவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது. சரி, இவை தேவைதான்.

இன்னொன்று, தெரு. அங்கே டீச்சர் கிடையாது. ஐந்து வயதுப் பையனுக்கு ஏழு வயது அக்காதான் வாத்தியார். யார் அண்ணா, யார் ஆயா, மீன் ஏலம் நடக்கும்போது எங்கே குறுக்கே ஓடக் கூடாது, பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் டிவியை ஏன் நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் பார்த்தே பிடித்துக்கொள்கிறான். தப்பு செய்தால் எந்த வீட்டுப் பெரியவரும் அதட்டலாம். அந்த உரிமை எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் தெரு, பெண்பிள்ளையைச் சீக்கிரமே வீட்டுக்குள் அனுப்பி, தம்பியை இடுப்பில் ஏற்றிவிடுகிறது. பால்வாடியில் அவளும் பையன்களோடு ஒரே பாயில் உட்காருகிறாள். மகள் பிறந்த பிறகு என் மனம் பால்வாடிப் பக்கம்தான் சாய்கிறது.